ரெஃபரிக்குக் கேட்காத சொல்

"ஓர்மை இல்ல சார்" என்று, ஞாபகமே இல்லாதவன் மாதிரி விஜயதாஸ் இரண்டாவது முறையும் சொல்லி முடித்தபோது பக்கத்து வேதக்கோவிலில் மணி அடித்தது. செங்கல் என்ற ஊருக்குப் போகிற வழியில் உள்ள மிஷன் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பறை அது. சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் முழங்கால் மேலே தூக்கி நிற்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இருந்த ஒரே நாற்காலியில் கால்பந்துச் சங்கத்தின் தலைவர், நெய்யாற்றங்கரை வக்கீல். அவர் பக்கத்தில் மினிட்ஸ் புத்தகத்தோடு காரியதரிசி சுயம்பு. எதிரே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நெய்யாற்றங்கரை அணியின் கோல்கீப்பர் விஜயதாசும் பாறசாலை அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் யோசுவாவும். ஜன்னலோரம் குடையை மடியில் வைத்துக்கொண்டு நான். என் பெயர் கைலாசநாதன், தாலுகா ஆபீசில் குமாஸ்தா, விடுமுறை நாட்களில் ரெஃபரி. விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டால் தாசில்தாரே ஆனாலும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

அது ஐம்பத்துநாலாம் வருஷம், துலாம் மாசம், தமிழில் ஐப்பசி. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு இரண்டு மாசம் ஆகியிருந்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு பிடி மண் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். எங்கள் நெய்யாற்றங்கரைத் தாலுகா இரண்டு கூட்டத்தின் வாயிலும் இருந்தது. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசி, சண்டை வந்தால் எது முதலில் நாக்கில் ஏறுகிறதோ அதில் திட்டிக்கொண்டிருந்த ஜனங்கள், திடீரென்று தாங்கள் யார் என்று தினமும் சொல்லித் தீர வேண்டியிருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்குக்கூட யோசித்துக் கேட்டார்கள்.

இந்த அழகில்தான் சங்கத்துக் கோப்பையின் அரையிறுதி வந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும். இரண்டு அணியிலும் ஒரே மரச்சீனிக் கிழங்கு தின்று வளர்ந்த பையன்கள். ஆனால் அன்று மைதானத்தின் தெற்குக் கோட்டில் நின்றவர்கள் தமிழர் என்றும் வடக்குக் கோட்டில் நின்றவர்கள் மலையாளி என்றும் ஆகிவிட்டது. இரண்டு கொடிக்கம்பத்தின் பக்கமும் லத்தியோடு போலீஸ். மழை பெய்து மைதானம் களிமண்ணாகக் கிடந்தது. இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. விஜயதாஸ் எம்பி இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்தான். யோசுவா ஓடிவந்து தோளால் இடித்தான். பந்தும் கோல்கீப்பரும் சேர்ந்து வலைக்குள் விழுந்தார்கள். அந்தக் காலத்துச் சட்டத்தில் பந்து கையிலிருக்கும் கோல்கீப்பரைத் தோளால் இடிக்கலாம். நான் கோல் கொடுத்தேன்.

விஜயதாஸ் எழுந்தான். முகத்தில் பாதி சேறு. யோசுவாவின் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், "போடா பாண்டிப் பட்டி" என்றான். பட்டி என்றால் அங்கே நாய். பாண்டி என்றால் என்ன என்று திருவிதாங்கூரில் தமிழ் பேசிப் பிழைத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டை தூக்குகிறவனிலிருந்து தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவரைக்கும் அதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறோம். நான் இரண்டு கை தூரத்தில் நின்றேன். யோசுவா திரும்பி நடந்தான். நடு வட்டத்துக்குப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அவனுடைய அணி முழுவதும் உட்கார்ந்தது. தெற்குக் கோட்டுக் கூட்டம் உள்ளே வர, போலீஸ் லத்தியை ஓங்க, நான் நீளமாக விசில் ஊதி ஆட்டத்தை முடித்தேன்.

மறுநாளே பாறசாலையிலிருந்து சங்கத்துக்குப் புகார் வந்தது. கோல்கீப்பர் தமிழனை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினான், அவனை விலக்க வேண்டும் என்று. நெய்யாற்றங்கரைக்காரர்கள், அப்படி ஒரு சொல்லே சொல்லவில்லை, தமிழர்கள் பந்துக்குள்ளும் அரசியலைக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். சங்கத்தின் சட்டப்படி குற்றம் ருசுவானால் ஒரு வருஷம் விலக்கு. விஜயதாசுக்கு அது வெறும் ஒரு வருஷம் இல்லை. திருவனந்தபுரத்து மில் ஒன்று அவனைத் தன் அணிக்கு எடுத்திருந்தது. பெயருக்குத் தறி, வேலை பந்து. மாசச் சம்பளம், தங்க இடம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேர வேண்டும். சங்கத்திடமிருந்து நடத்தைச் சான்று கொண்டுவா என்று மட்டும் மில் எழுதியிருந்தது. காஞ்சிரங்குளம் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸோடு கிரீஸாகக் கிடந்த பையன். கைகள் மட்டும் ஆளைவிடப் பெரியவை. அந்தக் கைகளுக்குள் போன பந்து தானாகச் சாந்தமாகிவிடும் என்று தோன்றும். அப்படி ஒரு கோல்கீப்பரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எல்லாம் ரெஃபரியின் அறிக்கையைப் பொறுத்தது. நான் எழுதினேன்: "கூட்டத்தின் இரைச்சலில் எந்தச் சொல்லும் என் காதில் விழவில்லை." முத்து முத்தான கையெழுத்து. ஒரு பையனின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால், பயம். தமிழ்க் குமாஸ்தாக்களை மேலே இருப்பவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்த நேரம் அது. ஒருவன் தமிழ்க் கட்சி என்று தெரிந்தால் பீர்மேட்டு மலைக்குத் தூக்கி அடிப்பார்கள். ஆட்டம் முடிந்து வந்த கோபத்தில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தேன். என் மனைவி பகவதியம்மாள் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "விசில் ஊததுக்குத்தான் வாய், மத்ததுக்கு இல்ல போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

தலைவர் நல்ல மனுஷன்தான். யாருக்கும் சேதம் இல்லாமல் கோப்பை முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தைப் பிடித்தார். சனிக்கிழமை மாலை நாலு மணி என்று நோட்டீஸ் அனுப்பினார். அவர் நாயர், நான் சைவப் பிள்ளை, சுயம்பு முத்தாரம்மன் கோயில்காரர். அடுத்த நாள் அந்த மிஷன் சபையில், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு என்பதோ, அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை என்ன உண்டு என்பதோ எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. இரண்டு பையன்களும் அந்தச் சபையின் பிள்ளைகள் என்பதும் அப்படித்தான். எங்களுக்கு ஒருவன் பாறசாலை, ஒருவன் நெய்யாற்றங்கரை, அவ்வளவுதான்.

மணி அடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எவிடெ?" என்றார் தலைவர்.

"ஆயத்த ஆராதனை உண்டு சார்" என்றான் யோசுவா. "போயிட்டு வாறோம்."

"இது கழிஞ்ஞிட்டு போகாம். அஞ்சு மினிட்டு" என்று, முடித்துவிட்டுப் போகச் சொன்னார் தலைவர்.

"பற்றில்ல சார்" என்று மறுத்தான் விஜயதாஸ், தரையைப் பார்த்து. "மணி அடிச்சு."

வரும்போது ஆளுக்கொரு வாசல் வழியாக வந்தவர்கள், போகும்போது ஒரே வாசல் வழியாகப் போனார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுயம்பு சாயா சொல்ல ஆள் தேடிப் போனார். கால் கழுவி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் எழுந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அதுவரை வேதக்கோவிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று பக்கவாசலில் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டு, கழற்றிக் குடையோடு சேர்த்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றேன்.

நம் கோயில் மாதிரி இருட்டோ எண்ணெய் வாசமோ இல்லை. வெள்ளைச் சுவர், பெரிய பெரிய ஜன்னல், பாய் விரித்த தரையில் ஒருபக்கம் பெண்கள், மறுபக்கம் பெஞ்சுகளில் ஆண்கள். ஈசாக் உபதேசியார் என்ற மெலிந்த மனிதர் முன்னால் நின்று ஏதோ வாசித்து முடித்தார். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு படியிலிருந்து கீழே இறங்கி, ஜனங்களின் தரைக்கே வந்து கேட்டார்.

"சகோதரனோட மனத்தாங்கல் உள்ளவங்க ஆராவது உண்டா?" என்றார். கொஞ்சம் நிறுத்தி மலையாளத்திலும், "சகோதரனோடு பரிபவம் உள்ளவர் ஆரெங்கிலும் உண்டோ?" என்றார்.

ஒரு பெண் எழுந்து இன்னொரு பெண்ணிடம் போனாள். கிணற்றுக் கயிற்றை அறுத்தது நான்தான் என்றாள். மற்றவள் எழுந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். உபதேசியார் இருவர் கையிலும் தபால்தலை அளவு ஒரு சீட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டு இருந்தால்தான் மறுநாள் திருவிருந்து. ஒரு வயசாளி, வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டினேன் என்றார், எல்லோர் முன்னாலும், முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு. வரப்பு வழக்குகளோடே பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்துகிறவன் நான். ஒரு சாணை ஒப்புக்கொண்ட மனுஷனை ஆபீசில் ஒருநாளும் கண்டதில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

விஜயதாஸ் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். நடையில் நேராக வந்து யோசுவா இருந்த பெஞ்சின் முன்னால் நின்றான். யோசுவாவும் எழுந்து நின்றான். இடையில் அன்று மைதானத்தில் இருந்த அதே தூரம்.

"நான் ஒன்ன பாண்டிப் பட்டின்னு சொன்னேன்" என்றான் விஜயதாஸ். சத்தமாகத்தான் சொன்னான், தமிழில். அவன் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. "வாய் தவறி வரல்ல. ஒனக்கு நோவட்டும்னுதான் சொன்னேன். இப்பம் அங்க ஓர்மை இல்லன்னு சொன்னதும் பொய்யாக்கும்."

கையை நீட்டிக்கொண்டு நின்றான். யோசுவா அதைப் பிடிக்கவில்லை. தனுவச்சபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒல்லிப் பையன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிடிக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். நான் என்றால் பிடித்திருக்கமாட்டேன்.

"எனக்கும் சொல்லதுக்கு உண்டு" என்றான் யோசுவா கடைசியில். "ஒன்ன இடிச்சப்பம் நான் பந்தப் பாக்கல்ல. தோளாலயும் இடிக்கல்ல. கைமுட்டிய மடக்கி நெஞ்சுலதான் குத்தினேன். என் சேக்காளி ஒருத்தன் புதுக்கடையில போலீசு வெடி பட்டுக் கெடந்தான். சுட்டவனுவளத் தொட முடியுமா? நீ கையில ஆப்பிட்டே."

"அறியாம்" என்றான் விஜயதாஸ், தெரியும் என்று தலையாட்டி. "நெஞ்சு இப்பமும் நோவுது."

எங்கோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். யோசுவா அந்தப் பெரிய கைகளைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். "போவட்டும் மக்கா" என்றான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரே நிமிஷத்தில் இரண்டு அடி. காது கேட்காதவன் என்று பொய் எழுதியிருந்தேன். கண்ணும் தெரியாதவன் என்று இப்போது உண்மையாகவே ஆகிவிட்டது. கொடுத்த கோல் கோலே இல்லை. ஆனால் வெட்கம் வருவதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. அதைப் பயம் என்பதா, பக்தி என்பதா, தெரியவில்லை. வக்கீல் இல்லாமல், சாட்சி இல்லாமல், யாரும் மிரட்டாமல், ஒரு மனுஷன் எழுந்து தனக்கு எதிராகத் தானே வாயைத் திறக்க முடியும் என்பதை நாற்பத்திரண்டு வயசில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

பிறகு பாடினார்கள். பாதிப் பேர் கையில் தமிழ்ப் புத்தகம், பாதிப் பேர் கையில் மலையாளப் புத்தகம். ராகம் ஒன்றுதான். அவரவர் புத்தகத்தில் உள்ளதை அவரவர் பாட, இரண்டு மொழியும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்து ஓட்டுக்கூரை வரை போயிற்று. யாரும் யாரையும் அமுக்கப் பார்க்கவில்லை. யாரும் யாருக்காகவும் நிறுத்தவுமில்லை. வெளியே ஒரு மாநிலத்தை எங்கே வெட்டுவது என்று அடிதடி நடந்துகொண்டிருந்த வருஷத்தில், இந்த ஜனங்கள் ஒரு பாட்டை வெட்டாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரு அம்மாள் தமிழில் உரக்கப் பாடினாள். ஆளைவிடப் பெரிய கைகள். கேட்காமலே தெரிந்துவிட்டது, விஜயதாசின் அம்மா என்று. லீலாபாய் என்று பெயர், பின்னால் தெரிந்துகொண்டேன். மகன் பாண்டி என்று சொன்னபோது அந்தச் சொல் அவன் வாயிலிருந்து போய் முதலில் யார்மேல் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவனும் இந்தப் பத்து நாளாக அதைத்தான் நினைத்திருப்பான்.

வகுப்பறைக்குத் திரும்பியபோது தலைவர் சாயா குடித்துத் தெளிவாக இருந்தார். சாட்சியம் இல்லாததால் புகார் தள்ளுபடி என்று மனசில் எழுதியே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பையன்கள் இருவரும் வந்து, இந்தமுறை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எனக்குப் பிராது இல்ல சார்" என்றான் யோசுவா. "எங்களுக்குள்ள தீந்தாச்சு."

"நன்னாயி" என்றார் தலைவர், உடம்பே லேசானவராக. "சுயம்பு, எழுதிக்கோ."

"சார்" என்றான் விஜயதாஸ். "மணி அடிச்சப்பம் ஒரு கேள்வி கேட்டீங்க இல்லியா, அத இன்னொருக்கக் கேக்கணும்."

தலைவர் அவனைப் பார்த்தார். "இனி வேண்டடா. கழிஞ்ஞில்லே?"

"எலே, சும்மா இரி" என்று யோசுவா அவன் தொடையில் தட்டினான். "அங்கயே தீந்துதுல்லா?"

"அங்க தீந்தது ஒனக்கும் எனக்கும். இங்க நான் சொன்ன பொய்யி இங்கதானே கெடக்கு."

"மில்லு போகும்லே!"

"அறியாம்" என்றான். அந்தச் சொல்லை அவன் சொன்ன விதத்தில் வீரம் ஒன்றும் இல்லை. பயந்து போயிருந்தான். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் பட்டது.

தலைவர் கேள்வியைக் கேட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. சொன்னேன் என்றான் விஜயதாஸ். என்ன சொன்னாய் என்பதை மினிட்ஸில் எழுத வேண்டும். சுயம்பு பேனாவைத் தொட்டு மை எடுத்தார், எழுதவில்லை. அவரும் தமிழர். பொதுவாகத் 'தகாத சொல்' என்று போட்டால் போதும் என்றார் தலைவர். அவர் முகம் சிவந்திருந்தது. வீட்டில் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ.

"அப்படி எழுதினா வேற என்னவோ சொன்னேன்னு ஆகும்" என்றான் விஜயதாஸ். எழுந்து போய்ப் பேனாவை வாங்கி, நாலாம் வகுப்புப் பிள்ளையின் மேசையில் குனிந்து, இரண்டு சொல்லையும் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த விரல்களுக்கு நடுவில் பேனா ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. யோசுவா அதே பேனாவை வாங்கி, அதன் கீழே தமிழில், கைமுட்டியால் குத்தினேன் என்று எழுதினான். அவன்மேல் யாரும் புகார் கொடுக்காதபடியால் அவனுக்குத் தண்டனை போடச் சட்டத்தில் இடம் இல்லை என்றார் தலைவர். அதற்கு அவன் சந்தோஷப்படவில்லை.

பிறகு நான் எழுந்தேன். என் அறிக்கையைக் கேட்டு வாங்கி, அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, "கேட்டேன்" என்று எழுதினேன். வாழ்க்கையில் என் கையெழுத்து அவ்வளவு மோசமாக வந்தது அன்றைக்குத்தான். பீர்மேட்டுக் குளிர் ஒரு நொடி முதுகில் அடித்துப் போயிற்று.

ஒரு வருஷம் விலக்கு. தலைவர் வாசிக்கும்போது பையன் நேராக நின்றான்.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் லீலாபாய் நின்றாள், புத்தகத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு. மகன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எத்தன நாளு?"

"ஒரு வருஷம், அம்மா."

"அப்பம் மில்லு?"

நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அழுவாள், அல்லது எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சீட்டு வாங்கினியா?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவன் பையிலேயே திரும்ப வைத்து, மழையில் நனையாதபடி பையை ஒரு தடவை அழுத்திவிட்டாள். "வா மக்களே. கஞ்சி ஆறிப்போவும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். முதுகு மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. நடை நிற்கவில்லை.

விஜயதாஸ் பின்னால் போனான். யோசுவா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனுக்கு இணையாக. நான் குடையை விரிக்க மறந்து நின்றேன். அந்தக் கைகள் இரண்டும் விஜயதாசின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போயின. விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன; எதையும் பிடிக்கவில்லை. வளைவு வரை அதைப் பார்த்துக்கொண்டே போன யோசுவா, அங்கே சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியை அவன் பக்கம் சாய்த்து, தன் கையை எடுத்துவிட்டான். விழப்போன சைக்கிளை அந்தப் பெரிய கைகள் பிடித்துக்கொண்டன.